பாதரசம் ஏறாத காலை

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது பாதம். துணிச் சுற்றிலிருந்து இடது கால் வெளியே வந்திருந்தது. உள்ளங்காலும் விரல்களும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தன. டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தேன். நிறம் மாறவில்லை. தொட்டேன். வெளியே வைத்திருந்த எவர்சில்வர் சொம்பைத் தொட்டதுபோல் இருந்தது.

எங்கள் மகளுக்கு அன்று பன்னிரண்டாவது நாள். மார்கழி மாதம். இடம் கல்வராயன் மலையில் வெள்ளிமலை, என் மனைவி வசந்தாவின் அக்கா தனத்தின் வீடு. தனம் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. வசந்தாவுக்கு அம்மா இல்லாததால் அக்கா வீடுதான் தாய்வீடு. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் செய்தியாளர். இடஒதுக்கீடு கேட்டு மாவட்டமே ரோட்டில் உட்கார்ந்திருந்த ஆண்டுகள் அவை. மறியல் நடக்கும் ஊர்களாகச் சுற்றிவிட்டு, முந்தின நாள் காலைதான் கிடைத்த ஜீப்பில் மலை ஏறியிருந்தேன்.

அவள் குறைமாதக் குழந்தை (முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது). பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோ. பால் குடிக்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது என்று சொல்லி நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

முந்தின நாள், பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தனம் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, மண்டையை உருட்டி, வெந்நீர் ஊற்றினார். தண்ணீரின் பதத்தைத் தன் கையில் மூன்று முறை ஊற்றிப் பார்த்துக்கொண்டார். கவனக்குறைவு என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. குளியல் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டது. சாம்பிராணிப் புகை காட்டி முடித்தபோது குழந்தை தூங்கிப் போயிருந்தாள்.

பிறகு அவளாகக் கண் விழிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டார்: "இன்னா டீச்சர், புள்ள வூட்ல கீற மாதிரியே தெரியல. சத்தமே காணோம்?"

"குளிச்ச அலுப்பு. அவங்க அப்பன் மாதிரி ஊரக் கூட்டாது. நல்ல புள்ள," என்றார் தனம்.

எல்லோரும் சிரித்தோம். நானும். எதையும் குறித்துவைப்பது என் தொழில் பழக்கம். நோட்டை எடுத்து எழுதினேன்: "மாலை ஆறு மணி. அழவில்லை. ஒரு முறைதான் பால் குடித்தாள். நல்ல குழந்தை." அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உண்மைகள் மூன்றையும் சரியாக எழுதிவிட்டு, முடிவை மட்டும் தவறாக எழுதியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் எடை குறைந்த குழந்தை இருந்தால் இந்த ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறிய குழந்தை அமைதியாக இருப்பது குணம் அல்ல. அழுவதற்குத் தெம்பு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிப் பால் கொடுங்கள். எழுப்பியும் எழாவிட்டால், குடிக்காவிட்டால், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

நானும் வசந்தாவும் குழந்தையோடு ஆறேகாலுக்குக் கிளம்பினோம். அன்று பஸ் இல்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போவதாக இருந்தது. வீட்டில் இருந்ததிலேயே கனமான கம்பளியில் குழந்தையைச் சுற்றி வசந்தாவின் மடியில் வைத்தோம். வளைவுகளில் பனி மூடியிருந்ததால் டிரைவர் தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினார். வசந்தா குழந்தையின் வாய் அருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. வெட்டி அதிக நேரம் ஆகவில்லை. வெட்டுவாயில் ஈரம் இருந்தது. லாரி நின்றது. மரத்தின் மேலும் பக்கத்திலும் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவனை எனக்குத் தெரியும். பெயர் ஏழுமலை, கரும்பு போடுகிறவன், இருபத்தைந்து வயது இருக்கும்.

"வாங்க ரிப்போர்ட்டர் சார்," என்றான். "போன வாரம் எங்க மறியல நாலு வரில முடிச்சீங்க. இன்னிக்கி இன்னா, அஞ்சு வரியா?"

கூட்டம் சிரித்தது. வசந்தா லாரியை விட்டு இறங்கி நேராக அவனிடம் போனாள்.

"அண்ணா, பொறந்து பன்னெண்டு நாளு. ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சி. பால் குடிக்கல. வழி வுடுங்க."

ஏழுமலை கம்பளியை விலக்கி ஒரு நொடி பார்த்தான். முகம் மாறியது. மரத்தை உடனே நகர்த்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மறுபக்கம் திரும்பிக் கத்தினான்: "டேய், டிராக்டர ஸ்டார்ட் பண்ணுங்கடா!"

இரண்டு பேர் கொடுவாளால் கிளைகளைக் கழித்து ஆள் ஏற இடம் செய்தார்கள். "பச்ச ஒடம்புக்காரி, பாத்து ஏத்துங்கப்பா," என்றார் ஒரு பெரியவர். தோள் கொடுத்து வசந்தாவை மரத்தைத் தாண்டவைத்தார்கள். குழந்தையை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை.

டிராக்டர் கரும்புக் கொல்லைகளின் ஊடே வண்டிப்பாதையில் போனது. மூன்று இடங்களில் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஏழுமலை மட்கார்டின் மேல் நின்றபடி துண்டை ஆட்டி, "கொழந்த! கொழந்த!" என்று கத்திக்கொண்டே வந்தான். ஒருவரும் மறிக்கவில்லை.

ஒன்பது பத்துக்குக் கள்ளக்குறிச்சி வந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். ஒரு பெண் டாக்டர் நடத்திய ஆறு படுக்கைச் சிறு ஆஸ்பத்திரி அது. ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துச் சாளரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். பாதரசம் ஏறவே இல்லை. கீழ்க்கோடு தொண்ணூற்று நாலு டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கும் கீழே.

தாழ்வெப்பம் (உடல்சூடு இயல்பைவிட மிகவும் இறங்கிவிடுவது) என்று சொன்னார். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருந்தது. கிருமித்தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஊசி போட்டார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு நரம்பு கிடைக்க இருபது நிமிடம் ஆனது. ஊசி குத்தியபோதும் அவள் அழவில்லை.

"கம்பளி சுத்திதானே கொண்டாந்தோம்," என்றேன்.

"கம்பளி சூடு கொடுக்காதுங்க. உள்ள இருக்கிற சூட்டைக் காப்பாத்தும், அவ்வளவுதான். உள்ளயே இல்லாதப்ப எதைக் காப்பாத்தும்?"

இன்குபேட்டர் (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி) அவரிடம் இல்லை. பாண்டிச்சேரிக்குப் போகவேண்டும் என்றார். திருக்கோவிலூரைத் தாண்டுவதே முடியாது என்று சொன்னேன். சாலை அடைபட்டதை முந்தாநாள் செய்தியாக அனுப்பியவன் நான்தான்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்கதான் பெட்டி. சட்டையைக் கழட்டுங்க."

எனக்குப் புரியவில்லை. வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் பெட்டி கிடைக்காத இடத்தில் இப்படிச் செய்வதை ஒரு மருத்துவ இதழில் படித்திருக்கிறாராம். குழந்தையைத் துணியில்லாமல், தலைக்குக் குல்லாவும் இடுப்புக்குக் கோவணமும் மட்டும் போட்டு, பெரியவர் நெஞ்சோடு தோல்மேல் தோலாக நிமிர்த்திவைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. வசந்தாவின் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது. நர்ஸ் அவளிடமிருந்து பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே முதல் முறை என்னுடையது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். வசந்தாவின் நூல்சேலை ஒன்றை இருவரையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். நெஞ்சில் ஈரத்துணியை வைத்ததுபோல் இருந்தது. அந்தக் குளிர் எனக்குள் இறங்குவதை உணர்ந்தேன். எனக்கு நடுங்கியது. அவளுக்கு நடுங்கவில்லை.

பத்து மணிக்குப் பாதரசம் கீழ்க்கோட்டில் இருந்தது. பதினோரு மணிக்குத் தொண்ணூற்று ஐந்து. அந்த ஒரு மணி நேரத்தைப் போல் நீளமான எதையும் நான் அறியவில்லை. ஒரு மணிக்குத் தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு. நர்ஸ் சங்கில் பால் எடுத்துச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டார். முதல் சொட்டு வழிந்துவிட்டது. ஐந்தாவதோ ஆறாவதோ சொட்டில் தொண்டை அசைந்ததை என் நெஞ்செலும்பில் உணர்ந்தேன். பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலு மணிக்குத் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு. டாக்டர் கையைத் தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "பெட்டி வேலை செய்யுது," என்றார்.

அடுத்த படுக்கைகளில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். சட்டையில்லாத ஓர் ஆள் சேலையைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் மூன்று நாள் இருந்தேன். முதல் நாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் தன் புருஷனிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "பாத்துக்கினியா? நீ ஒரு நாளு புள்ளையத் தூக்கினதுக்கே இடுப்பு புடிச்சிக்கிச்சின்ன."

மூன்றாம் நாள் மறியல் தளர்ந்து தனம் வந்து சேர்ந்தார். கதவருகே நின்று பார்த்தார். "இன்னா தம்பி இது, கோலம்?" என்று சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டார். "நாந்தான் தண்ணி ஊத்தினேன். என் கையாலதான் ஊத்தினேன்."

"நானும் பாத்துக்கினுதான் இருந்தேன் அண்ணி. நல்ல புள்ளைனு நோட்டுல வேற எழுதினேன்," என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். "எறக்குங்க. அடுத்தது என் முற," என்றார்.

கைமாற்றும்போது இரண்டு நிமிடம் குழந்தை காற்றில் இருந்தாள். அப்போதுதான் அழுதாள். கைகால்களை உதறி, முகம் சிவந்து, அறை முழுக்கக் கேட்கும்படி அழுதாள். நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். டாக்டர் கையில் சாப்பாட்டு டப்பாவோடு எட்டிப் பார்த்தார். "யாரு அது? நம்ம ஆளா?" என்றார். வசந்தா தலையாட்டினாள். "அழட்டும். தடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று ஒரு வாய் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வாடகை வீடு. இரண்டு கிலோவைத் தாண்டும்வரை குளியல் வேண்டாம், துடைத்தால் போதும் என்றார் டாக்டர். வசந்தா, தனம், நான் என்று முறை போட்டுக்கொண்டு பகலும் இரவும் சுமந்தோம். தனம் லீவு போட்டுவிட்டு எங்களோடு தங்கினார்.

பகலில் பெரும்பாலும் என் முறை. செய்தி நிற்காதே. ஸ்வெட்டருக்குள் அவளைக் கட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்தில் நின்று அலுவலகத்துக்குச் செய்தி சொல்வேன். ஒரு நாள் மறுமுனையில் இருந்த உதவி ஆசிரியர் இடைமறித்து, "லைன்ல பூனை கத்துதுங்க," என்றார். "பூனை இல்ல சார், என் பொண்ணு. பசி," என்றேன். "சரி, அவங்களை முதல்ல கவனிங்க. மறியல் எங்கயும் போகாது," என்று போனை வைத்துவிட்டார்.

தை முடிவில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது ஏழுமலை ஓடி வந்தான். என் நெஞ்சின் புடைப்பைப் பார்த்தான். "இன்னா சார், அதானா?" ஸ்வெட்டரின் கழுத்தை விலக்கிக் காட்டினேன். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவன் திரும்பி மேடைக்கு எதிரில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான்: "டேய், அன்னிக்கி டிராக்டர்ல போனது உசுரோட கீதுடா! மொறைக்குது!" அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். கொடுவாள் பிடித்தவர்களும் தோள் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். கூட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. அதை நான் செய்தியில் எழுதவில்லை.

இரண்டு கிலோ நூறு கிராம் ஆன அன்று டாக்டர், இனி தொட்டிலில் போடலாம் என்றார். போட்டோம். அவள் தூங்கினாள். எனக்கு உட்காரத் தெரியவில்லை. இத்தனை நாளும் பின்னால் சாய்ந்தே பழகியிருந்த முதுகு நிமிர மறுத்தது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் குளிர்ந்தது.

அதுவரை ஒரு நாளை நான் நாளிதழின் பதிப்பு மூடும் நேரத்தை வைத்து அளந்தவன். பிறகு அது மாறிவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு துண்டு. அப்படிப் பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்தால் ஒரு நாள். இன்றும் கூட்டத்திலோ பஸ்ஸிலோ இருக்கும்போது, இரண்டு மணி நேரம் கழிந்தால் என் வலது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. என் உடம்பு உண்டாக்கும் சூடு எனக்கு மட்டுமல்ல, இன்னொருவருக்கும் சேர்த்துப் போதும் என்பது முப்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதுவதற்கு அது ஒரு காரணம். உங்கள் வீட்டிலும் அந்தச் சூடு இருக்கிறது.

மகள் இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறாள். அவள் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்.