டயர் கடை மாடியில தம்பி பொண்டாட்டி படிச்ச படிப்பு

என் தம்பி பொண்டாட்டியப் பத்தி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாத்தான் சொல்லுவாங்க. நானும் நல்லவிதமாத்தான் சொல்லப் போறேன், ஆனா வயித்தெரிச்சலோட சொல்லுவேன். அதை மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?

அவ தையல்காரி. எங்க வீட்டு முன்னறைதான் அவ கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுற மேசை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் மூட்டை மூட்டையா. படிப்பைப் பத்தாவதோட நிறுத்தினவ. கல்யாணமாகி வந்த புதுசுல ஆலயத்துல பைபிள்லேர்ந்து வேதபாடம் வாசிக்கச் சொன்னாங்க. நாக்குக் குழறி, மூஞ்சி வேர்த்து, பாதியிலயே வந்து உக்காந்துட்டா. தம்பி பாவம் தலையக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளுகுளுன்னு இருந்துச்சு. அந்த விஷயத்துல எங்க சபையில என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் லேப்ல ரத்தம் எடுக்கிறவ. தெருவுல 'ஊசி அக்கா'ம்பாங்க. ஊசியவிட வாய்தான் அதிகம் குத்துதுன்னு தம்பி சொல்லுவான். ஆனா நான் ஆசைப்பட்டது இந்த வேலைக்கு இல்ல. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட இறையியல் கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். இடமும் கிடைச்சுது. ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். அப்பா ஒத்தக் கால்ல நின்னுட்டார். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் இங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?" அதோட அந்தக் கதை முடிஞ்சுது. பிற்பாடு கல்யாணமும் தட்டிக்கிட்டே போயி, தம்பி வீட்டு மாடி அறைதான் எனக்குன்னு ஆச்சு. அந்தக் கல்லூரிப் படம் ஒன்னு மட்டும், அகலமான கல்லுப் படியும் தூணுமா, என் பீரோ கதவோட உள்பக்கம் ஒட்டியே கிடந்துச்சு.

அப்புறம் பாருங்க, அந்தக் கல்லூரியே எங்க ஊருக்கு வந்துச்சு. வேலைய விட முடியாதவங்க, வீட்ட விட்டு வர முடியாதவங்களும் படிக்கணும்னு ஊருக்கு ஊர் கிளை திறந்தாங்க. எங்க ஊர்க் கிளை எங்கங்கிறீங்க? பஸ் ஸ்டாண்டு பக்கத்து டயர் கடை மாடியில! சனிக்கிழமை ஆனா வகுப்பு. கீழ சக்கரத்தக் கழட்டி டங்கு டங்குன்னு அடிப்பாங்க, மேல பாடம் நடக்கும். எங்க ஞாயிறு பள்ளியில கால் ஆடுதுன்னு ஒதுக்கின பெஞ்செல்லாம் அங்கதான் போச்சு.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல எல்லாரும் நிக்கும்போது நான்தான் வாயத் திறந்தேன். "இது கல்லூரியா, டியூஷன் சென்டரா? பஞ்சர் ஒட்டி முடிக்கிறதுக்குள்ள பட்டமும் குடுத்துருவாங்க போல." கொல்லுன்னு ஒரு சிரிப்பு. அடுத்த வாரம் அந்த ஜோக்கை என்கிட்டயே ஒருத்தர் வந்து சொன்னார். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த மாடிப்படி ஏறுறது?

தம்பி பொண்டாட்டி ஒருநாள் பட்டன் தைச்சுக்கிட்டே கேட்டா. "அண்ணி, நீங்க சேரலையா?"

"எனக்கு அந்தக் கல்லுப் படி இருக்கிற கல்லூரிதான் கல்லூரி. இதெல்லாம் ஒரு கல்லூரியா?"

"அப்போ நான் சேர்ந்து பாக்கட்டுமா அண்ணி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வேதபாடத்த முழுசா வாசிக்கத் தெரியாதவ! போய்த் திணறிட்டு வரட்டும்னு, "தாராளமா"ன்னு சொல்லி வச்சேன்.

திணறத்தான் செஞ்சா. ஆனா விடலையே! புதிய ஏற்பாடு எழுதின கிரேக்க எழுத்தையெல்லாம் துணியில குறி போடுற சாக்பீஸால மேசை மேல கிறுக்கிக்கிட்டே காலால மெஷின மிதிப்பா. ஒரு தடவ அது தெரியாம ஒரு யூனிஃபார்ம் காலர்லயும் போயிருச்சு. பிள்ளையோட அம்மா வந்து, "இது என்ன, சலவைக் குறியா?"ன்னு கேட்டாங்க. இவ சிரிச்சுக்கிட்டே அந்த எழுத்தோட பேரைச் சொல்லிக் குடுத்தா. சட்டை தைக்க வந்தவங்க மனக்கஷ்டத்தச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லி உக்கார ஆரம்பிச்சாங்க. முன்னெல்லாம் அவங்க மாடிக்கு, என்கிட்ட வந்தவங்க. படிக்கட்டுல காலடிச் சத்தம் கேக்குதான்னு நான் காது குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கீழ பேச்சுச் சத்தந்தான் கேக்கும். பத்திக்கிட்டு வரும் எனக்கு.

கடைசி வருஷம் பிரசங்கப் பரீட்சை. அந்தக் கல்லூரியில அதுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க. படிக்கிறவங்க அவங்கவங்க சொந்த சபையில நின்னு பிரசங்கம் பண்ணணும். தலைமைக் கல்லூரியிலேர்ந்து வர்ற பேராசிரியர் கேக்கிறவங்கள்ல மூணு பேரைப் பின்னறைக்குக் கூட்டிட்டுப் போயி, "அவங்க என்ன சொன்னாங்க, திருப்பிச் சொல்லுங்க"ம்பார். கேட்டவங்க மனசுல நின்னா பாஸ், நிக்கலைன்னா அடுத்த வருஷம். ஆனா அடுத்தவங்க சரக்கை எடுத்துத் தன்னோடதுன்னு பேசினது தெரிஞ்சா, அதுக்கு இரவல் பிரசங்கம்னு பேரு, படிப்பே போச்சு. பேரை அடிச்சுருவாங்க.

இவளுக்கு வந்த தலைப்பு 'காத்திருப்பு'. அடுப்படியில காய் நறுக்கிக்கிட்டே எனக்குச் சொல்லிக் காட்டினா. "முதல்ல, இன்னும் வராததுக்காகக் காத்திருக்கிறது. ரெண்டாவது, காத்திருக்கிறவங்க பக்கத்துல போய் உக்காந்திருக்கிறது. மூணாவதுதான் வரமாட்டேங்குது அண்ணி."

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "வந்ததுக்கு அப்புறமும், 'நான் கேட்டது இப்படி இல்லையே'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வாசல்லயே நிக்கிறவங்க இருக்காங்கள்ல? அவங்களச் சொல்லு." எங்க பாட்டுக்குழு அக்காவை மனசுல வச்சுத்தான் சொன்னேன். புது ஆர்மோனியம் வாங்கிக் குடுத்தும் அவங்களுக்குக் குறைதான்.

இவ கத்திய அப்படியே வச்சுட்டு என்னைப் பாத்தா. "இதெல்லாம் எனக்குத் தோணவே தோணாது அண்ணி"ன்னா. என் சரக்கை இவ எடுத்துக்கிட்டான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பரீட்சை ஞாயித்துக்கிழமை முன் வரிசையில போய் உக்காந்தேன். அவ நல்லாத்தான் பேசினா. அளவு குடுத்துட்டு வாசல்ல தவிக்கிற அம்மாமாரப் பத்தி, அவங்க கூட உக்காந்து பேசுறதப் பத்தி. நான் ஒன்னையும் ரசிக்கல. எப்போ என் சரக்கை எடுத்து விடுவா, எப்போ எடுத்து விடுவான்னு அதுலயே இருந்தேன். எடுத்து விட்டதும் பின்னறையில என்ன சொல்லணும்னு வார்த்தை வார்த்தையா அடுக்கிக்கிட்டேன். சபையெல்லாம் ஆமென் சொன்னப்போதான் எனக்கு நினைவே வந்துச்சு.

பின்னறைக்கு என்னையும் கூப்பிட்டாங்க. கூட ஆலய மணி அடிக்கிறவரும் பாட்டுக்குழு அக்காவும். மணி அடிக்கிறவர் முதல் விஷயத்த அழகாச் சொன்னார். அக்கா ரெண்டாவதச் சொன்னாங்க. பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"மூணாவதை ரெண்டு பேரும் விட்டுட்டாங்க சார்"னேன். "அதுதான் பிரசங்கத்தோட உயிரே. ஆனா அது அவளோடது இல்ல. எங்க வீட்டு அடுப்படியில நான் சொன்னது. இரவல்."

சொல்லிட்டேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

மணி அடிக்கிறவர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். "ஏம்மா, அவங்க ரெண்டுதானே சொன்னாங்க?"

"ரெண்டாவதோட முடிச்சுட்டாங்களே! நீங்க தூங்கிட்டீங்களா என்ன?"ன்னாங்க பாட்டுக்குழு அக்கா.

பேராசிரியர் கண்ணாடியக் கழட்டினார். "நானும் ரெண்டுதாம்மா கேட்டேன். அது என்ன மூணாவது? சொல்லுங்களேன்."

"வந்ததுக்கு அப்புறமும், நான் கேட்டது இப்படி இல்லையேன்னு..."

டயர் கடை ஜோக்கு, பீரோக் கதவுல இருக்கிற படம், எல்லாம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அடுப்படியில நான் யாரச் சொன்னேன்? எனக்கு மானமே போயிருச்சு. "ஒன்னுமில்ல சார், அவ ரெண்டுதான் சொன்னா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், அவள பாஸ் போட்டுருங்க"ன்னு எந்திரிச்சுட்டேன்.

வெளிய செருப்பு விடுற இடத்துல நகத்தக் கடிச்சுக்கிட்டு இவ நின்னா. "என்னாச்சு அண்ணி?"

"பாஸ்தான், போ. அந்த மூணாவதை ஏன்டி விட்ட?"

"அது உங்களுது அண்ணி. நான் எடுத்துக்கிட்டா, நீங்க படிச்சு வந்து அங்க நிக்கிற அன்னைக்கு எதைச் சொல்லுவீங்க?"

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! படிப்புல முந்தினா, சரி, தொலையட்டும். நல்லவளா இருக்கிறதுலயுமா என்னை முந்தணும்? அடிவயிறு எரிஞ்சுது. இன்னைக்கும் எரியுது. செருப்பை மாட்டுறேன், மாட்டுறேன், கால்ல ஏறவே மாட்டேங்குது.

"புதுசா எப்போ சேக்குறாங்க?"ன்னு செருப்பப் பாத்துக்கிட்டே கேட்டேன்.

"இந்த சனிக்கிழமையே வரலாம் அண்ணி. ஆனா அது இரும்புப் படி. ஏறினா தடதடன்னு சத்தம் கேக்கும். வகுப்பே திரும்பிப் பாக்கும்."

"பாத்தா பாக்கட்டும்"னேன்.