உறுதிச் சுற்றமும் விழுப்புரம் யார்டும்

என்னைப் போன்ற அசட்டு மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஓடினேன். சரி, ஊரே ஓடியது. ஆனால் நான் ஓடிப்போய் எங்கே குடியேறினேன்? விழுப்புரம் ஜங்ஷனில்... அதுவும் கூட்ஸ் யார்டை ஒட்டிய வீட்டில்!

இதில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று எனக்குத் தானாகத் தோன்றவில்லை. போன வாரம், ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்ட வந்த ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் தற்காப்புத் தொண்டர் சொல்லித்தான் தெரிந்தது. எந்த ஊர், எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். யார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பட்டணத்துல குண்டு எங்க வேணா வுழும் சார். இந்த ஊர்ல வுழுந்தா இங்கதான் வுழும்."

சிரிக்காமல் சொன்னார். சிரித்திருந்தால் தேவலை.

எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கூட்ஸ் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கிற ஷண்டிங் சத்தத்தில் பகலில்கூட அவளால் கண்ணயர முடியவில்லை. பார்க்க வந்த நர்ஸம்மாளும் கறாராகச் சொல்லிவிட்டார் - வேறு இடம் போவதென்றால் ஒரு வாரத்துக்குள் போய்விட வேண்டும். அப்புறம் ரயில் குலுக்கல் உதவாது.

போக இடம் இல்லாமலா? அவள் அண்ணன் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கிறார். விசாலமான வீடு, நடக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆரம்பத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மச்சான் வீட்டில் போய் மாதக்கணக்கில் உட்காருவதா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

எனக்குக் குழப்பம் வந்தால் பழைய நிகண்டைப் புரட்டுவேன். பாத்திரம் பண்டங்களைக்கூடப் பட்டணத்தில் விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தவன் நான். அன்றைக்கு அதில் கண்ணில் பட்ட சொல், 'உறுதிச் சுற்றம்'. அரசனுக்கு ஐம்பெருங்குழு, எண்பேராயம் எல்லாம் இருந்தன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இது வேறு. இங்கே உறுதி என்றால் நன்மை. அரசனின் நன்மையை நாடி, அவன் பக்கத்திலேயே இருப்பவர்கள் ஐந்து பேர் - நண்பர், அந்தணர், சமையல்காரர், மருத்துவர், நிமித்தம் பார்ப்பவர்.

சமையல்காரரா? எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. யோசித்தால் சரிதான். அமைச்சர் தப்புச் செய்தால் ராஜ்யத்தில் ஒரு மூலை போகும். சமையல்காரர் தப்புச் செய்தால் ராஜாவே போய்விடுவார்! யார் கையில் நம் உயிர் இருக்கிறதோ அவரைச் சுற்றமாக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அப்படி ஐந்து பேர் இருந்தார்களே! பட்டணத்தை விடுமுன் நான் யோசனை கேட்ட நண்பர், விழுப்புரத்தில் தன் சித்தப்பா வீடு காலியாக இருக்கிறது என்றார். புரோகிதர், புறப்பட நாள் குறித்தார். டாக்டர், காற்று மாறினால் நல்லது என்றார். ஜோசியர், தெற்கே போகச் சொன்னார். ஹோட்டல் சமையல்காரர்கூட, விழுப்புரத்துத் தயிர் பிரமாதம் என்றார்.

அத்தனை பேரும் என் நன்மையை நினைத்தவர்கள்தான். பின் ஒருவர்கூட ஏன் யார்டைப் பற்றி மூச்சு விடவில்லை? தவறு அவர்களுடையது அல்ல. "மச்சான் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போகலாம்?" - இதுதான் நான் கேட்ட கேள்வி. கேட்டபோது என் முகம் எப்படி இருந்ததோ! ராஜா வாயைத் திறப்பதற்குள் அவர் முகமே பதிலைச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். நாம் அதற்கு ஆலோசனை என்று பெயர் வைத்து மகிழ்கிறோம்.

நிகண்டை மூடினேன். நேரே போய் மச்சானுக்குத் தந்தி அடித்தேன் - 'உடனே வரவும்'. அதிலும் என் அசட்டுத்தனம் பாருங்கள்! நம் ஊரில் தந்தி என்றால் என்ன அர்த்தம்? மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் வந்தார். வாசலில் தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கி, உங்களுக்குத்தான் சிரமம் என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள, கௌரவத்த அப்பறம் பாத்துக்கலாங்க. மொதல்ல தங்கச்சிய ரயில் ஏத்துங்க" என்றார்.

மறுநாள் காலை பாசஞ்சரில் கிளம்பினோம். கைகாட்டி மரம் தாண்டி, யார்டு பின்னால் போனதும் என் மனைவி ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்படி அவள் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மயிலத்தில் வண்டி நின்றபோது விழித்தாள். உறுதிச் சுற்றத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். பழைய அரசர்கள் செய்த பெரிய தப்பு, அந்த ஐவரில் ராணியைச் சேர்க்காததுதான் என்று என் கண்டுபிடிப்பையும் சொன்னேன். பிறகு, கொஞ்சம் உரிமையோடேயே கேட்டேன் - யார்டு பக்கத்தில் வீடு வேண்டாம் என்று நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"சொன்னேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க."