பக்கத்து இருக்கைக்குக் காப்பு இல்லை

கச்சான் கடலைப் பொட்டலத்தின் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். அப்படிப்பட்டவன், என் காரின் காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் படிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு பழைய கார் வாங்கினேன். காப்புறுதி முகவர் கேட்டார்: "கூட உக்காந்து வர்றவங்களையும் சேத்துக்கலாமாண்ணே? கொஞ்சந்தான் கூட வரும்."

"என் காடியில ஏறுறது எல்லாம் எங்க தோட்டத்து ஆளுங்க. அவங்களா என் மேல கேஸ் போடுவாங்க? வேணாம் லா."

மிச்சமான காசில் எலுமிச்சம்பழம் வாங்கிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கினேன். நான்கு சக்கரங்களுக்கும் காவல் கிடைத்தது. இருக்கைகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், கார் வாங்கும் முன்பே நகரத்துக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அங்கே ஒரு சாவு என்றால், கார் வைத்திருப்பவன்தான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், பின்னால் திரும்பி மறுபிறவியைப் பற்றி விரிவுரை ஆற்றிக்கொண்டே, செம்மண் சாலை வளைவில் காரை வாய்க்காலில் இறக்கினேன். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. என் பக்கத்தில் இருந்த பழைய தோட்டத்து லய வீட்டுக் கூட்டாளிக்குக் கால் நொறுங்கிவிட்டது. லோரி ஓட்டிப் பிழைத்தவன். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என்னைத் திட்டவில்லை. "சாப்டீங்களாண்ணே?" என்றாள்.

முகவர் குரலைத் தாழ்த்தினார். "ரோட்டுல போறவன அடிச்சிருந்தா கம்பெனி குடுக்கும். உள்ள இருந்தவருக்குக் குடுக்காது. அவரு கேஸ் போட்டா நீங்கதான் கட்டணும். கையில இல்லன்னா வீட்ட வித்துக் கட்டணும். ஒண்ணு, அவருகிட்ட மன்னிப்பு மட்டும் கேட்டுறாதீங்க. தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

குனோங் ராபாட்டில் மலையடியில் இருந்த அந்த வரிசை வீடுதான் எங்களுக்கு இருந்த ஒரே சொத்து. அன்று முதல் அவனுடைய ஊன்றுகட்டைச் சத்தம் என் வீட்டில் குடியேறிவிட்டது. தகரத்தில் மழை சொட்டினால் அவன் வருகிறான். குன்றில் கல் உடைத்தால் அவன் வருகிறான். அஞ்சல்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வேகம் குறைத்தால், வக்கீல் நோட்டீஸ்தான் என்று கதவைத் தாழிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் நிஜமாகவே வருவான். கோபமே இல்லை. கூரையை அண்ணாந்து பார்ப்பான். சுவரைத் தட்டுவான்.

"எத்தன ரூமு மச்சான்?"

"ரெண்டு. சின்னது." அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க நாக்கு துடிக்கும். மழையைப் பற்றிப் பேசுவேன்.

வருடங்கள் ஓடின. வழக்குப் போடும் கெடுவும் தாண்டியது. அதன் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்து மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான்.

"ஏன் மச்சான் நீ கேஸ் போடல?" என்றேன். பழைய பாசம் என்று ஏதாவது சொல்வான், அழலாம் என்று கைக்குட்டையை எடுத்துவிட்டேன்.

"போடத்தான் போனேன். வக்கீலு உன் வீட்டப் பாத்துட்டு வரச் சொன்னாரு. வந்து வந்து பாத்து, இருக்கறத இருக்கற மாதிரி சொன்னேன். ‘இத வித்தா என் பீஸுக்கே பத்தாது’ன்னுட்டாரு லா."