ரெஸ்பெக்டபிள் குடும்பம் மட்டும்

மேற்கு மாம்பலத்தில் மாடி கட்டி முடித்ததும் சண்முகவடிவு குடித்தனக்காரரைத் தேடவில்லை. போர்டுக்கு ஒரு வார்த்தை தேடினாள். தெருக்கோடி டாக்டர் வீட்டில் 'ரெஸ்பெக்டபிள் பேமிலி ஒன்லி' என்று தொங்கியது. அதையே எழுதச் சொல்லி, எழுதுகிறவனிடம் அர்த்தம் கேட்டாள்.

"மருவாதியான குடும்பம்னு அர்த்தம்மா."

"யாருக்கு மரியாதை? அவங்களுக்கா, நமக்கா?"

"அத்த நீதாம்மா சொல்லணும். நான் எழுதறவன்."

அவள் புருஷன் இசக்கிமுத்துவுக்கு தி. நகரில் பாத்திரக்கடை. ஆள் வந்தால் போதும் என்பது அவர் கட்சி.

முதலில் வந்தது ராயப்பேட்டை வாத்தியார் ஹபீபுர் ரஹ்மானும் அவர் மனைவியும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "வீட்டைப் பார்க்கலாங்களாம்மா?" என்றார். பெயரைக் கேட்டதும் சண்முகவடிவு போர்டைக் காட்டினாள்.

"ரெஸ்பெக்டபிள் ஆளுகளுக்குத்தான் விடுதோம்."

வாத்தியார் போர்டைப் படித்தார். குனிந்து தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்து ஒரு நர்ஸ் வந்தாள். கல்யாணமாகாதவள். தனி ஆள் எப்படி 'பேமிலி' ஆவாள்? அவளும் போனாள்.

பிறகு வந்தார் ராமானுஜம். பாங்க் ஆபீசர், கழுத்தில் டை, கூட மனைவி பங்கஜம். வேறொன்றும் கேட்காமல் சண்முகவடிவு சாவியை நீட்டினாள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாதம் போனது. கீழே மீன் குழம்பு கொதித்தால் மாடியில் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. சண்முகவடிவு மீனை நிறுத்தினாள். இசக்கிமுத்து வாசலில் வெற்று உடம்போடு உட்காருவது ராமானுஜத்துக்கு உறுத்தியது. மனுஷர் சொந்த வீட்டில் பனியன் போட்டு வேர்த்தார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட அவள் குரலை இறக்கிப் பேசச் சொன்னாள்.

இவ்வளவும் செய்தும் ராமானுஜம் காலி செய்தார். லாரியில் சாமான் ஏறும்போது பக்கத்து வீட்டு அம்மாளிடம் பங்கஜம் சொன்னது, குழாயடியில் நின்ற சண்முகவடிவு காதில் விழுந்தது.

"மனுஷா நல்லவாதான். ஆனா ரெஸ்பெக்டபிள்னு சொல்லிட முடியாது, பாருங்கோ."

குடம் நிரம்பி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பேசாம அந்த வாத்தியாருக்கு விட்டிருக்கலாம்லா," என்றார் இசக்கிமுத்து.

"அவங்களுக்கா?" என்று முறைத்தாள். மறுநாளே போர்டு எழுதுகிறவனைக் கூப்பிட்டு முன்னால் 'ஹைலி' என்று சேர்க்கச் சொன்னாள்.

அப்புறம் ஒருவரும் வரவில்லை. ஆடியில் தூத்துக்குடியிலிருந்து கொழுந்தன் சண்முகவேல் வந்தான், பெண்டாட்டி பிள்ளைகளோடும் ஒரு சேவலோடும்.

"மைனி, மாடி சும்மாத்தான கெடக்கு?"

இசக்கிமுத்து பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். எமர்ஜென்சி வந்தது, போனது. சண்முகவேல் போகவில்லை. அவன் லுங்கி மாடியிலிருந்து சொட்டி, கீழே காயும் அவள் வற்றலை நனைத்துக்கொண்டே இருந்தது.