வழிமொழிய ஓர் ஆள்

இங்கே மலேசியாவில், எங்கள் ஊரில் கவுன்சிலர் பதவிக்குத் தேர்தல் கிடையாது. கட்சிக் கிளை ஒரு பெயரைத் தொகுதிக்கு அனுப்பும், தொகுதி மாநிலத்துக்கு அனுப்பும். மேலே யாரோ தலையாட்டினால் அந்த ஆள் நகராண்மைக் கழகத்தில் உட்கார்ந்து நம் சாக்கடையைப் பற்றிப் பேசுவார். கூலாயில் எங்கள் தாமானுக்காக, அதாவது எங்கள் குடியிருப்புக்காக, பேச உட்கார்ந்திருந்தவர் கிளைத் தலைவரின் மச்சான். கனத்த மழை பெய்தால் பின்பக்கச் சாக்கடை எங்கள் சமையலறைக்குள் வந்துவிடும். அவர் வந்ததில்லை.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. செடெனாக் பக்கத்துப் பாமாயில் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிய அப்பாவுக்கும், உதிரிப் பழம் பொறுக்கிய அம்மாவுக்கும் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததும் பல்கலைக்கழகம் போனதும் நான்தான் முதலில். இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒருவரைச் சற்று நேரம் பேசவிட்டால் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்லிவிடுவேன். தலைவரின் மச்சான் வாயைத் திறந்தாலே போதும்.

முதலில் தலைவரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவருக்கு டயர் கடை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"படிச்ச புள்ள நீ, தங்கச்சி. மகளிர் பிரிவுல இருந்து பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்தலாமே."

"எனக்குக் கோலம் வராது, தலைவரே. சாக்கடை விஷயம் வரும்."

"சரி, மேல கேபல் இருக்கா?"

மேலிடத்தில் தெரிந்த ஆள் இருந்தால் அதற்கு இங்கே கேபல் என்று பெயர். இல்லை என்றேன்.

"அலமாக். கேபல் இல்லாம எப்படிலா?" என்று சிரித்தார். டயர் மாட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது சம்பளத்துக்காக. அவர் சிரித்ததைத்தான் நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்சியின் விதிகளை முழுவதும் படித்தேன். கிளையில் எனக்குத் தெரிந்து வேறு யாரும் அதைப் படித்ததில்லை. கிளைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஒரு பெயரை முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்தால், அந்தப் பெயரும் தொகுதிக்குப் போயே ஆக வேண்டும். கேபலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு பேர் போதும். ஆனால் அந்த இரண்டு பேர் கிடைக்கவில்லை. எதிர் வீட்டுக்காரர், "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டுச் சமையலறைக்குள்ளும் அதே சாக்கடைதான் வருகிறது. கடைசியில் மிஞ்சியவர்கள் என் அம்மாவும் அப்பாவும்.

இருவரும் பல வருட உறுப்பினர்கள். எஸ்டேட்டிலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்களையெல்லாம் தலைவர்தான் கட்சியில் சேர்த்தார். கூட்டத்தன்று வாசலுக்கு வேன் வரும். போய் உட்கார்ந்து, அவர் சொல்லும்போது கையைத் தூக்கிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இத்தனை வருடத்தில் அவர்கள் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. தலைவர் சேர்த்தது கைகளை மட்டும்தான்.

அம்மா முன்மொழிவதாகவும் அப்பா வழிமொழிவதாகவும் முடிவாயிற்று. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரே மாலையில் சொல்லிப் பழகிவிட்டார். அப்பாவுக்கு நாக்கு புரளவில்லை.

"வழிமொழிகிறேன். இது என்ன வார்த்தைமா? யாரு இப்படிப் பேசுறா?"

"கூட்டத்துல பேசுவாங்கப்பா."

"அதான் அங்க ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

கூட்டம் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. தலைவர் தன் மச்சானின் பெயரைச் சொன்னார். தலைவரின் தம்பி முன்மொழிந்தார், பக்கத்திலிருந்தவர் வழிமொழிந்தார். "வேற பேரு இல்லன்னா..." என்று தலைவர் தொடங்கியபோது அம்மா எழுந்தார். என் பெயரை, இன்னார் மகள் என்று அப்பா பெயரோடு சேர்த்து, தடுமாறாமல் முன்மொழிந்தார்.

"அக்கா, உக்காருங்க. சாப்பாடு வந்திருச்சு."

"சாப்பாடு ஓடிப் போவாது, தலைவரே. எழுதச் சொல்லுங்க."

"பெத்தவங்களே புள்ள பேரச் சொல்றதா? நல்லாவா இருக்கு?"

"உங்க மச்சான் பேர உங்க தம்பிதானே சொன்னாரு?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சரி. வழிமொழியுறது யாரு?"

அப்பா எழுந்தார். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான்... நான் வழி விடுறேன்."

மாடி முழுதும் சிரித்தது. தலைவர் கையைத் தட்டினார். "கேட்டீங்களா? அப்பாவே வழி விட்டுட்டாரு. பெரிய மனசு அண்ணனுக்கு. முடிஞ்சுது, வாங்க சாப்பிடலாம்."

சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு குலை வெட்டியவர்கள். அந்த வார்த்தையை அவர்களிடம் கொடுத்திருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்பா உட்காரவில்லை.

"சொக்கோங்," என்றார்.

மலாயில் ஆதரிப்பதற்குச் சொல்லும் வார்த்தை. ஜொகூர் குழு பந்து விளையாடும் நாட்களில் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தும் வார்த்தையும் அதுதான். அதே குரலில் மறுபடியும் சொன்னார். "எம் மகளுக்கு நான் சொக்கோங். வெளங்குதா?"

எல்லோருக்கும் விளங்கியது. சிரிப்பு நின்றது. "தமிழ்க் கூட்டத்துல மலாய் எதுக்குண்ணே?" என்று தலைவர் இழுத்தார்.

"தொகுதிக்குப் போற அறிக்கை மலாய்லதான் போகுது," என்றேன். "அதுலயும் இதே வார்த்தைதான் வரும். எழுதுங்க."

செயலாளர் தலைவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுதினார். நாங்கள் பிரியாணி சாப்பிடாமல் இறங்கி வந்தோம்.

என் பெயர் தொகுதிக்குப் போனது. பதவி மச்சானுக்கே மறுபடியும் போனது. காரணம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. சாக்கடை இன்னும் வருகிறது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு எங்கள் வாசலுக்கு வேன் வரவில்லை. நான் என் காரில் இருவரையும் அழைத்துப் போனேன். வேனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். அப்பா பின்வரிசைக்குப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து முன்வரிசையில், நடுவழியில் பாதியை அடைத்துப் போட்டுக்கொண்டார். தலைவர் உள்ளே வந்தார். அவருக்கு மேடைக்குப் போக இடம் போதவில்லை.

"என்ன அண்ணே, வழி விடுறீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அப்பா நாற்காலியை அசைக்கவில்லை.

"இல்ல தலைவரே. நீங்க சுத்திப் போங்க."