கட்டிப்போட்ட ஓணான்

நான் ஓர் ஓணான் வளர்த்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாய் வளர்த்தவர்களும் கிளி வளர்த்தவர்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது நான் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அப்போது எனக்கு எட்டு வயது. திருநின்றவூரில் வாடகை வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். காலை ரயிலில் அம்பத்தூர் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அம்மா மாமா வீட்டுக்குப் போயிருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவள் டி.பி. வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். தெருவுக்கே தெரிந்த இந்த ரகசியம் எனக்கு மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டு அத்தை எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவர் பிள்ளைகள் என்னோடு விளையாட வராததற்குத்தான் காரணம் புரியவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் நைனா, "வந்துடுவா, பேசாம சாப்டு" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லை.

ஓணான், தெருப் பையன்களிடமிருந்து வந்தது. ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடி திணித்து ஆடவிடப் பார்த்தார்கள். நான் உருட்டி விளையாடும் சைக்கிள் டயரைக் கொடுத்து அதை மீட்டேன். இடுப்பில் நூல் கட்டி முருங்கை மரத்தடியில் விட்டேன். ஈயும் வெட்டுக்கிளியும் பிடித்துப் போட்டேன். வகுப்பில் நடந்ததையெல்லாம் அதனிடம்தான் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும். "இன்னா பாப்பா, அதுக்கு இன்னிக்கி சாம்பாரா ரசமா?" என்று அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிண்டலடிப்பார். அதன் வயிறு பெருத்துக்கொண்டே போனது. எல்லாம் என் கவனிப்பு என்று பூரித்துப்போனேன்.

ஒரு சனிக்கிழமை அது மண்ணைத் தோண்டி, பின்பக்கத்தைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்தது. வெள்ளை வெள்ளையாக முட்டைகள். போட்டு முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டிச் சமன்செய்தது. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலிப் பக்கம் நடந்தது.

எனக்கு வந்ததே கோபம்! கோழி இருபத்தொரு நாள் உட்கார்ந்து அடைகாக்கிறது, இதற்கு மட்டும் அப்படி என்ன அவசரம்? குழிக்குப் பக்கத்திலேயே குச்சி நட்டு, நூலைக் குறுக்கிக் கட்டினேன். "பெத்துட்டு எங்கடி போற?" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அது எதையும் தின்னவில்லை. நூல் எட்டிய மட்டும் இழுத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் நைனா அம்மாவை அழைத்துவந்தார். என்னைப் பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டுமாம். அம்மா வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள்.

"இன்னா கண்ணு பண்ணிகினு கீற?"

"முட்டை போட்டுட்டு ஓடப் பாக்குதும்மா. அதான் கட்டிப் போட்டுகீறேன்."

அம்மா படலுக்கு மேலே எட்டி நூலையும் குழியையும் பார்த்தாள். பிறகு, "அவுத்து உட்டுடும்மா. அது அங்கியே நின்னுகினு இருந்தா காக்காவுக்கு எடம் தெரிஞ்சிடும். முட்டைக்குத்தான் ஆபத்து. அதான் தள்ளிப் போவுது" என்றாள்.

அவிழ்த்தேன். ஓணான் வேலிக்குள் ஓடி மறைந்தது. எனக்கு வருத்தமே இல்லை, அம்மாதான் வந்துவிட்டாளே. படலைத் திறந்துகொண்டு ஓடினேன். அம்மா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். "வேணாம், கிட்ட வராத" என்றாள்.

அவள் ஏன் மூக்கைப் பொத்தியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓணானைத் தொட்ட கை அல்லவா? தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மா இன்னும் பின்னால் போய், தெருவின் அந்தப் பக்கம் நின்று அழுதாள். நான் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவப் போனேன்.