செல்லிக்காட்டுப்புதூர் மாட்டாஸ்பத்திரியைத் தணிக்கை செய்தவர்

நவநீதகிருஷ்ணன் தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. ராசிபுரத்தில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து, பரீட்சை எழுதித் தணிக்கைத் துறைக்குள் வந்தவர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வீட்டுச் சோறு, வீட்டுத் தண்ணீர்தான். "அடுத்தவங்க காப்பியக் குடிச்சா குடலா வெந்துரும்?" என்று மனைவி தமிழ்ச்செல்வி கேலி செய்வாள். "குடிச்சுட்டா அப்புறம் பேனா நவுராது" என்பார். அப்படிக் காப்பாற்றி வைத்த பேனா ஒரு ஊரை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

திருடனைப் பிடிக்கும் தணிக்கை வேறு. இவர் பார்த்தது, அரசு போட்ட பணத்துக்குத் தக்க பயன் மக்களுக்குக் கிடைத்ததா என்ற தணிக்கை. இதில் யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. பாலத்தைக் கட்டிவிட்டு அதற்குப் போக ரோடு போடாமல் விட்டிருந்தால் போதும், இவர் போய் நிற்பார்.

இவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தாளை நடுவில் மடித்து, இடது பாதியில் கேள்வியை எழுதுவார்கள். வலது பாதியைக் காலியாக விட்டு அனுப்புவார்கள், அந்தத் துறை பதில் எழுத. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பாதி அப்படியே காலியாகத்தான் போகிறது. அதில் தணிக்கைக்காரர் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. குறையைச் சொல்லலாம், வழியைச் சொல்லக் கூடாது. நாமே வழி சொல்லிவிட்டால் நாளைக்கு அந்த வழியை யார் தணிக்கை செய்வது? துறை எழுதிவைத்த விதி இவ்வளவு கண்டிப்பானதில்லை. நவநீதகிருஷ்ணன்தான் அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

மோகனூரைத் தாண்டிச் செல்லிக்காட்டுப்புதூரில் ஒரு மாட்டாஸ்பத்திரி. புதுக் கட்டடம், மாட்டை நிறுத்தக் கம்பிக் கூண்டு, சினை பார்க்க ஸ்கேன் மெஷின் எல்லாம் இருந்தன. மெஷினின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை. டாக்டர் பதவி காலி. பக்கத்து ஊர் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வந்து அவசரமாகப் பார்த்துவிட்டுப் போவார். இவரும் உதவியாளர் சண்முகப்பிரியாவும் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வாசல் நிறைய மாடுகள் நின்றன.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் குப்பாயி. புருஷன் இல்லை, இரண்டு மாடும் நாமக்கல்லில் நர்சிங் படிக்கும் மகளும்தான்.

"ஏனுங்க சார், நீங்க பெரிய ஆபீசருங்களா?"

"கணக்குப் பாக்க வந்தேனுங்க."

"அப்ப இதையும் எழுதுங்க சாமி. எம்பட செவலை சினையா இருக்குது. அதும் பால்லதான் புள்ளையப் படிக்க வெக்கறேன். மாடு என்ன செவ்வாக்கெழமை பாத்தா கன்னு போடுது? டாக்டரு இங்கயே இருக்கோணுங்க. எழுதறீங்களா?"

"எழுதறேனுங்க."

ஒப்புக்குச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. சேலத்து ஆபீசுக்குத் திரும்பியதும் கட்டடம், மெஷின், கரண்ட் பில் எல்லாவற்றையும் கூட்டி, வைத்தியம் பார்த்த மாடுகளின் எண்ணிக்கையால் வகுத்தார். ஒரு மாட்டைப் பார்க்க அரசுக்கு ஆன செலவில் ஒரு கன்றுக்குட்டியே வாங்கலாம் என்று வந்தது. அதை அப்படியே எழுதி, 'செலவுக்குத் தக்க பயன் இல்லை' என்று முடித்தார். திரும்பப் படித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. சண்முகப்பிரியா கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'நிரந்தர மருத்துவரை உடனே நியமிக்க வேண்டும்.' அதை அவர் அடித்துவிட்டார்.

"சார், அந்தம்மா கேட்டதே அதுதானுங்களே?"

"ஆளப் போடறது அவுங்க வேலைம்மா. நாம குறையச் சொல்லியாச்சு. இதப் படிச்சா டாக்டர் வேணும்னு பச்சப் புள்ளைக்கும் வெளங்கும்."

பச்சைப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும். படித்ததோ பச்சைப் பிள்ளை இல்லை. டாக்டரைப் போட்டால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். பூட்டுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த ஆடிக்குள் காலிப் பாதி நிரம்பி வந்தது: 'தணிக்கையின் கருத்து முழுமையாக ஏற்கப்படுகிறது. பயனற்ற நிலையம் மூடப்பட்டு, கருவி வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. வீண் செலவு தவிர்க்கப்பட்டது.'

மேலதிகாரி குணசீலன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துறை வாதாடாமல் ஒத்துக்கொள்வது லேசில் நடக்காதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது சரி, அந்தக் குரங்குக்கு மாலை போடவும் ஆள் இருந்ததுதான் கொடுமை.

குறை சரியானதை நேரில் பார்த்த பிறகுதான், அது தீர்ந்தது என்று எழுதிக் கணக்கை முடிக்கலாம். நவநீதகிருஷ்ணன் தனியாகப் போனார். கட்டடம் பூட்டிக் கிடந்தது. கம்பிக் கூண்டில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். தீவனப்புல் கட்டோடு வந்த குப்பாயி அவரைப் பார்த்ததும் கட்டை இறக்கிவைத்தாள்.

"வாங்க சாமி. செவலை போயிருச்சுங்க. கன்னு குறுக்கால நின்னுக்கிச்சு. செவ்வா வெள்ளி வந்த டாக்டரும் இப்ப வாரதில்ல. மாட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் போட்டா கொல்லிமலை அடிவாரத்துல நிக்குதுன்னாங்க. அது வந்து சேரங்காட்டியும் ரெண்டு உசுரும் போயிருச்சு. புள்ள படிப்ப உட்டுட்டு மில்லுக்குப் போறா."

அவர் தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போன தடவ எழுதுனது மேல போயிச் சேரல போல. இன்னொருக்கா எழுதுங்க சாமி."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், பொய் வரவில்லை.

"போய்ச் சேந்துச்சுங்க. நான் எழுதுனதப் படிச்சுத்தாங்க மூடுனாங்க."

"மூடச் சொல்லியா எழுதுனீங்க?"

"இல்லீங்க. டாக்டர் இல்லாம எல்லாம் வீணாக் கெடக்குதுன்னு எழுதுனேன்."

"டாக்டரு வேணும்னு?"

"அத எழுதலீங்க."

குப்பாயி கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"நாங் கேட்டது அது ஒண்ணுதானுங்களே சாமி" என்றாள்.

கட்டைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் நவநீதகிருஷ்ணன் ஆபீசில் உட்கார்ந்து, குறை சரிசெய்யப்பட்டதை நேரில் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதிய குறை வீண் செலவு, அது நின்றுவிட்டது. வேறு மாதிரி எழுத அவருடைய விதியில் இடமில்லை.